உதவும் தொழில்களில் கேட்கவும் கதைக்கவும் பழகுவது: கொழும்பில் தமிழில் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூகப்பணி, உளவளத்துணை, தாதியர் பயிற்சி, சிறுவர் பராமரிப்பு என்று வெவ்வேறு பக்கத்திலிருந்து வார இறுதி வகுப்புகளுக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பாட ஒழுங்கில் இல்லை. உங்களுக்குத் தேவையானதைத் தேடி வாசியுங்கள்.

நேர்காணல் என்றால் வேலைக்குப் போகும்போது நடக்கும் இன்டர்வியூவா?

பெயர் ஒன்றுதான், காரியம் வேறு. வேலைக்கான இன்டர்வியூவில் கேட்பவருக்கு ஆள் தேவை, பதில் சொல்பவர் தன்னை நல்லபடியாகக் காட்டப் பார்ப்பார். உதவும் தொழிலில் நேர்காணல் என்பது நோக்கம் வைத்து நடக்கும் உரையாடல். வந்தவருக்கு என்ன நடக்கிறது, அதை அவர் எப்படிப் பார்க்கிறார், எங்களால் எதில் கைகொடுக்க முடியும் என்று இரண்டு பேருமாகக் கண்டுபிடிக்கிறோம். பிரதேச செயலகத்தில் உதவிப்பண விண்ணப்பம் நிரப்பும் உத்தியோகத்தரும், வாட்டில் கட்டில் ஓரம் நின்று விசாரிக்கும் தாதியும், வீடு வீடாகப் போகும் மருத்துவமாதுவும் தினம் செய்வது இதைத்தான், யாரும் அதற்கு அந்தப் பெயரைச் சொல்லாவிட்டாலும்.

எனக்கு இயல்பாகவே நன்றாகக் கதைக்க வரும். இதைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

நன்றாகக் கதைப்பவர்கள்தான் தொடக்கத்தில் அதிகம் திணறுகிறார்கள். எதிரே இருப்பவர் இரண்டு வசனம் சொல்வதற்குள் அவர்களுக்கு மூன்று தீர்வு தோன்றிவிடும். தோன்றியதை வாய்க்குள் வைத்திருக்கவும் முடியாது. அமைதியான பிள்ளைகள் என்று வகுப்பில் யாரும் கவனிக்காதவர்கள் இரண்டாவது மாதத்தில் முன்னுக்கு வந்துவிடுவதைப் பலமுறை பார்த்தாயிற்று.

கேட்பது ஒரு திறன், அதைப் பகுதி பகுதியாகப் பழகலாம் என்பது இந்தத் துறைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிய வந்தது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1940-களின் தொடக்கத்தில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, உளவளத்துணை உரையாடல்களை முழுமையாக ஒலித்தட்டில் பதிந்து மாணவர்களோடு இருந்து கேட்டார். அதுவரை உளவளத்துணையாளர் நினைவிலிருந்து எழுதிய குறிப்புத்தான் ஒரே ஆதாரம். நினைவு எப்போதும் எங்கள் பக்கம்தான் சாயும். பதிவைப் போட்டுக் கேட்டால், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைத்த இடத்தில் நாங்கள் குறுக்கே பாய்ந்திருப்போம்.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் அலன் ஐவியும் அவருடைய கூட்டாளிகளும் இன்னொரு படி போனார்கள். முழு நேர்காணலையும் ஒரேயடியாகக் கற்பிக்காமல், கவனம் கொடுப்பது, திறந்த கேள்வி (ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாத கேள்வி), திருப்பிச் சொல்வது, தொகுத்துச் சொல்வது என்று ஒரு நேரத்தில் ஒரு சிறு திறனை மட்டும் எடுத்து, ஒளிப்பதிவு செய்து, பார்த்துத் திருத்தினார்கள். இன்றைக்கு எந்த நல்ல வகுப்பும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. அவர்களுக்குப் பெரிய கமரா தேவைப்பட்டது, உங்களுக்குக் கையில் உள்ள போன் போதும்.

நல்ல கேள்விக்கும் மோசமான கேள்விக்கும் என்ன வித்தியாசம்? உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

வகுப்பில் நடித்துப் பழகும் ஒரு கதையைச் சொல்கிறேன். உண்மை ஆள் இல்லை, நாங்களாகச் செய்தது. நீரிழிவு கிளினிக் ஒன்று. வந்திருப்பவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி, வயது ஐம்பது. இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது. முதல் தடவை இப்படிப் போகும்:

தாதி: மருந்து ஒழுங்கா போடுறீங்களா?
அவர்: போடுறேன் மிஸ்.
தாதி: சாப்பாடு கட்டுப்பாடா இருக்கா?
அவர்: ஆமா மிஸ்.
தாதி: அப்போ ஏன் சீனி இவ்வளவு கூடியிருக்கு? சும்மா சொல்லக்கூடாது என்ன.
அவர்: (தலையைக் குனிந்துகொள்கிறார்.)

ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, கிளினிக் அட்டையில் எழுத வேண்டியது எழுதியாயிற்று. ஆனால் ஒன்றும் தெரியவில்லை. அதே ஆளை இன்னொரு மாணவி இப்படி விசாரித்தார்:

தாதி: அண்ணே, நேத்து காலையில எழும்பினதில இருந்து சாப்பாடு, மருந்து, வேலை எல்லாம் எப்படிப் போச்சுன்னு சொல்லுங்களேன்.
அவர்: நேத்தா? நாலு மணிக்கே போயிருவோம் மிஸ். லொறி வந்துரும். பிளேன்டீ ஒண்ணு குடிச்சிட்டு எறங்குறதுதான்.
தாதி: வெறும் பிளேன்டீயோட எறங்கிடுவீங்க.
அவர்: ஆமா, பத்து மணி ஆகும் சாப்பிட.
தாதி: (தலையசைத்துக் காத்திருக்கிறார்.)
அவர்: அந்தக் காலைக் குளிசையைப் போட்டுட்டுப் போனா மிஸ், ஒம்போது மணி போல கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. மூட்டையோட விழுந்தா அவ்வளவுதான். அதான் வேலை இருக்கிற நாள்ல போடுறதில்ல.

குளிசை போட்டு, வெறும் வயிற்றோடு மூட்டை தூக்கினால் சீனி இறங்கத்தான் செய்யும். அவர் மருந்தைத் தவிர்த்தது அசட்டையால் இல்லை, அவருடைய கணக்கில் அது பாதுகாப்பு. இப்போது டொக்டரிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. குளிசை நேரத்தை மாற்றலாமா, வேறு மருந்து தரலாமா என்று அவர் பார்ப்பார். முதல் உரையாடலில் இருந்த மாதிரிப் போயிருந்தால் மருந்தின் அளவைக் கூட்டியிருப்பார்கள். அதுதான் ஆபத்து.

இரண்டாவது தாதி கேட்டது ஒரே ஒரு கேள்வி. மற்றதெல்லாம் அவர் சொன்னதையே ஒரு வரியில் திருப்பிச் சொன்னதும், சும்மா இருந்ததும். 'நேற்று' என்று ஒரு நாளைப் பிடித்ததைக் கவனியுங்கள். 'வழக்கமாக எப்படி?' என்று கேட்டால் ஆட்கள் தாங்கள் செய்ய வேண்டியதைச் சொல்வார்கள். 'நேற்று எப்படி?' என்றால் செய்ததைச் சொல்வார்கள்.

அப்படியென்றால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியே கேட்கக் கூடாதா?

கேட்கலாம். பெயர், வயது, மருந்து ஒவ்வாமை, நெஞ்சு நோ எப்போது தொடங்கியது போன்றவற்றுக்கு நேரடிக் கேள்விதான் சரி. அவசரத்திலும் அதுதான். தொடக்கத்திலேயே அடுக்கடுக்காகக் கேட்டால் வந்தவர் பதில் சொல்லும் இயந்திரமாகிவிடுவார். பிறகு நீங்கள் திறந்த கேள்வி கேட்டாலும் ஒரு சொல்லில்தான் பதில் வரும்.

'ஏன்' என்று கேட்கவே கூடாது என்கிறார்களே?

தடைச்சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் 'ஏன் பிந்தி வந்தாய்?', 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லைக் கேட்டதும் விளக்கம் சொல்லித் தப்பிக்கத்தான் மனம் போகும். 'அந்த நேரம் என்ன நடந்தது?', 'எப்படி அந்த முடிவுக்கு வந்தீர்கள்?' என்று கேட்டால் அதே தகவல் சண்டை இல்லாமல் வரும். கீழே குடி பற்றிய கேள்வியில் 'ஏன்' நன்றாக வேலை செய்யும் ஒரு இடம் வருகிறது.

சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது கிளிப்பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆட்கள் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள், நோட்டில் இருக்கிற மாதிரியே சொன்னால். 'நீங்கள் மிகவும் கவலையாக உணர்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது' என்று வெள்ளவத்தையிலும் யாரும் கதைப்பதில்லை, கொட்டாஞ்சேனையிலும் யாரும் கதைப்பதில்லை. ஒரு அம்மா, 'மூண்டு தரம் கந்தோருக்குப் போனன், ஒருத்தரும் நிமிர்ந்தும் பார்க்கேல்ல' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அவ்வளவு தூரம் போயும் ஒரு மதிப்பில்ல' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும். குரல் மேலே போனால் கேள்வியாகிவிடும், அவர் நிரூபிக்கத் தொடங்குவார். கீழே இறங்கினால் அவர் தொடர்ந்து சொல்வார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்லாமல் அதன் உள்ளே இருந்ததை ஒரு வரியில் தொடுவதுதான் பழக வேண்டியது. பிழையாகத் தொட்டாலும் பெரிய நட்டமில்லை. 'மதிப்பில்லை எண்டில்ல பிள்ளை, எனக்குப் பயம்' என்று அவரே திருத்துவார்.

இன்னொன்று. உடம்பைச் சொல்லித்தான் எங்கள் ஆட்கள் பலர் மனதைச் சொல்வார்கள். 'நெஞ்சு அடைக்குது', 'தலை பாரம்', 'உடம்பெல்லாம் எரியுது'. உடனே அதை மனச்சோர்வு என்று பெயர் மாற்றிவிடாதீர்கள். முதலில் உடம்பைப் பற்றியே கேளுங்கள். வைத்தியரிடம் காட்டினாரா என்று பாருங்கள். பிறகு, 'எந்த நேரத்தில் கூட அடைக்கும்?' என்று கேட்டால் கதை தானாக வரும்.

முதல் ஐந்து நிமிடத்தில் என்ன சொல்ல வேண்டும்?

நீங்கள் யார், எவ்வளவு நேரம் இருக்கிறது, எழுதுவது எங்கே போகும், எது இரகசியம், எது இல்லை. இவ்வளவும் சாதாரணப் பேச்சில், ஏறக்குறைய இப்படி:

'நான் இங்க உளவளத்துணையாளர். இண்டைக்கு எங்களுக்கு நாற்பது நிமிஷம் இருக்கு. நீங்க சொல்றது எங்களுக்குள்ள இருக்கும். உங்கட உயிருக்கோ வேற ஆக்களின்ர உயிருக்கோ ஆபத்து, இல்லாட்டி ஒரு சின்னப்பிள்ளைக்கு ஏதும் நடக்குது, இல்லாட்டிக் கோர்ட்டில கேட்டாங்கள் எண்டால் மட்டும் நான் சொல்ல வேண்டி வரும். அப்பவும் ஏலுமான வரைக்கும் உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான்.'

இரகசியத்தின் எல்லையைக் கடைசியில் சொன்னால் அது ஏமாற்று. எல்லாவற்றையும் கொட்டிய பிறகு 'இதை நான் மேலே சொல்ல வேண்டும்' என்றால் அந்த ஆள் இனி எந்த அலுவலகப் படியும் ஏற மாட்டார்.

ஆட்களை எப்படிக் கூப்பிடுவது? அக்கா, அண்ணா என்று சொல்லலாமா?

சொல்லலாம், வந்தவருக்கு அது பிடித்திருந்தால். 'உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?' என்று ஒருமுறை கேட்டுவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது. கொழும்பில் தமிழ் கதைப்பவர்கள் ஒரே மாதிரி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்த பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள், முஸ்லிம்கள். ஒருவருக்கு அக்கா, இன்னொருவருக்கு ராத்தா. ஐம்பது வயது உத்தியோகத்தர் ஒருவரை நீங்கள் 'அங்கிள்' என்றால் அவருக்குக் கோபமும் வரலாம்.

முறைசொல்லிக் கூப்பிட்டால் நெருக்கம் வரும், கூடவே கடமையும் வரும். 'அக்கா' என்று ஆன பிறகு, 'அக்கா, ஒரு ஐயாயிரம் கைமாற்றுத் தர முடியுமா?' என்று கேட்டால் ஆச்சரியப்படக் கூடாது. நெருக்கம் இருக்கட்டும், ஆனால் உங்கள் வேலை என்ன என்பதும் அடிக்கடி பேச்சில் தெரியட்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: எல்லோருக்கும் 'நீங்கள்'. வீட்டு வேலைக்கு வந்த மலையகப் பெண்ணுக்கும், சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் பையனுக்கும் 'நீ' போடும் பழக்கம் இந்த ஊரில் படித்த வீடுகளிலும் இருக்கிறது. அது உங்கள் வாயிலும் இருக்கிறதா என்று பதிவைப் போட்டுக் கேளுங்கள்.

கண்ணைப் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது. பெரியவர்களை அப்படிப் பார்க்கலாமா?

அது உளவளத்துணைப் பாடநூல் எழுதிய ஜெராட் ஈகன் சொன்ன ஐந்து விஷயங்களில் ஒன்று: நேர்முகமாக இருப்பது, கைகால்களைக் கட்டிக்கொள்ளாமல் இருப்பது, சற்றே முன்னால் சாய்வது, கண்ணைப் பார்ப்பது, தளர்வாக இருப்பது. நோக்கம் 'என் கவனம் உங்களிடம்தான்' என்று காட்டுவது. நேருக்கு நேர் நாற்காலி போட்டால் பலருக்குப் பொலிஸ் விசாரணை ஞாபகம் வரும். இரண்டு நாற்காலியையும் சற்றுச் சரிவாகப் போடுங்கள். அப்போது பார்க்கவும் முடியும், பார்வையை விலக்கவும் முடியும். வயதில் மூத்தவரோ எதிர்ப்பாலினத்தவரோ கண்ணைத் தாழ்த்தினால் அது மரியாதையாக இருக்கலாம். உடனே 'தவிர்க்கிறார்' என்று எழுத வேண்டாம்.

அவர் பேசாமல் இருந்தால்? அழுதால்?

பேசாமல் இருந்தால் நீங்களும் இருங்கள். பத்து விநாடி மௌனம் எங்களுக்குப் பத்து நிமிடம் போலத் தெரியும், அவருக்கு அப்படி இல்லை. அழுதால் 'அழாதீங்க' என்று சொல்லாதீர்கள். டிஷூவைக் கைக்கெட்டும் இடத்தில் முதலே வைத்திருங்கள். தண்ணீர் வேண்டுமா என்று பிறகு கேட்கலாம். தொட்டு ஆறுதல் சொல்வது ஆளையும் இடத்தையும் பொறுத்தது. சந்தேகம் இருந்தால் வேண்டாம்.

மாமியாரோ கணவரோ கூடவே வந்து பக்கத்தில் இருந்தால் என்ன செய்வது?

கொழும்பில் இதுதான் பெரிய பிரச்சினை. தனி அறை கிடைப்பதே அரிது. திரை ஒன்று, வாங்கு ஒன்று, அடுத்த நோயாளியின் காது அரை அடி தூரத்தில். அதற்குள் அம்மா பதில் சொல்லுவார், மகள் தலையாட்டுவாள்.

கூட வந்தவரை எதிரியாக்காமல் முதலிலேயே ஒழுங்கைச் சொல்லிவிடுங்கள்: 'இங்க எல்லாருக்கும் இப்படித்தான். முதல்ல சேர்ந்து கதைப்பம், பிறகு ஒரு பத்து நிமிஷம் அவவோட தனியா, கடைசியா திரும்ப எல்லாருமா.' எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு என்றால் யாருக்கும் கோபம் வராது. அம்மாவுக்கும் சொல்ல நிறைய இருக்கும், அவருக்கும் தனியாக ஐந்து நிமிடம் கொடுங்கள். அறை இல்லாவிட்டால் தாழ்வாரத்தின் ஓரமோ, மருந்து எடுக்கப் போகும் வரிசையோ கூட உதவும்.

வீட்டு வன்முறை பற்றிக் கணவரின் முன்னால், அவருடைய வீட்டாரின் முன்னால் ஒருபோதும் கேட்காதீர்கள். வீட்டார் மொழிபெயர்க்கும்போதும் கேட்காதீர்கள். இரவில் அந்தப் பெண் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான். 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதையும், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 என்பதையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள். எப்போது கேட்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். துண்டில் எழுதிக் கொடுப்பதற்கு முன், அதைக் கொண்டுபோவது அவருக்குப் பாதுகாப்பா என்று கேளுங்கள்.

'நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்' என்று கேட்கிறார்களே? புத்திமதி சொல்லக் கூடாது என்றால் எதற்கு வந்தார்கள்?

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் கஷ்டம் என்று போனால் ஐயர், சுவாமி, மௌலவி, அதிபர், சாத்திரி எல்லோரும் ஏதாவது ஒன்று சொல்லித்தான் அனுப்புவார்கள். நீங்கள் மட்டும் 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்டால் காசுக்கு நட்டம் என்றுதான் நினைப்பார்கள்.

நான் தகவலையும் தீர்ப்பையும் பிரித்து வைத்திருக்கிறேன். சட்டம், விண்ணப்பம், மருந்து, எந்த அலுவலகம், எந்த நாள் என்பவை தகவல். தெரிந்தால் தெளிவாகச் சொல்ல வேண்டும், அதை ஒளித்துவைத்துக்கொண்டு 'நீங்களே யோசியுங்கள்' என்பது அநியாயம். கணவரை விட்டுப் பிரியலாமா, வெளிநாடு போகலாமா, மகளின் காதலுக்குச் சம்மதிக்கலாமா என்பவை தீர்ப்பு. அதன் பலனை அனுபவிக்கப் போவது வந்தவர். அங்கே, 'இதுவரை யார் யார் என்ன சொன்னாங்க? அதில எது உங்களுக்குச் சரியாப் பட்டது, எது படேல்ல?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆறேழு பேரின் புத்திமதியைக் கேட்டுக் களைத்துப்போய்த்தான் உங்களிடம் வந்திருப்பார். எட்டாவது புத்திமதி அவருக்குத் தேவையில்லை.

குடியை விடச் சொன்னால் 'ஓம் ஓம்' என்றுவிட்டு வெளியே போய்க் குடிக்கிறார்கள். என்ன செய்வது?

விடச் சொல்வதை முதலில் விட வேண்டும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறை இதற்கென்றே வந்தது. மில்லர் நோர்வேயில் பெர்கன் நகரத்து உளவியலாளர்களோடு இருந்தபோது, குடிப்பவர்களோடு எப்படிக் கதைக்கிறார் என்பதை நடித்துக் காட்டச் சொல்லி அவர்கள் இடைமறித்துக் கேட்ட கேள்விகள்தான் அதற்கு வித்து. பிறகு ஸ்டீபன் ரொல்னிக் என்ற இன்னொரு உளவியலாளரும் சேர்ந்துகொண்டார். அடிப்படை எளிது: குடிப்பவரின் மனதில் விட வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் சேர்ந்தே இருக்கும். நீங்கள் 'விடு' பக்கத்தை எடுத்துக்கொண்டால் அவருக்கு மிஞ்சுவது மற்றப் பக்கம்தான், அதற்காக வாதாடுவார்.

ஒரு கேள்வி: 'பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும் வச்சுப் பார்த்தா, குறைக்கிறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?' அவர் 'மூண்டு' என்பார். இங்கேதான் 'ஏன்' வருகிறது: 'ஏன் மூண்டு? பூச்சியம் எண்டு சொல்லேல்லையே?' உடனே மகளின் பெயர் வரும், அல்லது வேலை, அல்லது ஈரல். காரணத்தை அவரே சொல்லிவிட்டார். 'ஏன் பத்து இல்லை?' என்று கேட்டால் குடிக்கத்தான் காரணம் சொல்லுவார்.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே விதைத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலருக்கு ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே ஆறுதல். சுற்றி வளைக்காமல், 'இப்படி இருக்கேக்க செத்துப்போகலாம் போல யோசனை வந்திருக்கா?' என்று அமைதியாகக் கேளுங்கள். 'அப்படி ஒண்டும் யோசிக்கேல்லத்தானே?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

'ஓம்' என்றால் எப்போது, எப்படி என்று திட்டம் இருக்கிறதா, வீட்டில் அதற்கான பொருள் இருக்கிறதா, முன்பு முயன்றாரா என்று கேட்க வேண்டும். திட்டம் இருந்தால் தனியே விடக் கூடாது. உங்கள் மேலதிகாரிக்கும் வைத்தியசாலைக்கும் அன்றே தெரிய வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். உயிர் ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

இலங்கையில் தற்கொலை 1995 அளவில் உச்சத்தில் இருந்தது, ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47. நச்சுக் கூடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பிறகு அது பெருமளவு இறங்கியது. அந்த நிமிடத்தில் பொருள் கைக்கெட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் வீட்டில் என்ன இருக்கிறது, யார் எடுத்து வைப்பார் என்று கேட்பது சும்மா சடங்கு இல்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்று இருந்த சட்டம் 1998-இல் நீக்கப்பட்டது. இன்னும் பல குடும்பங்கள் பொலிஸுக்குப் பயந்து மறைப்பதால் இதையும் சொல்லி வையுங்கள்.

ஒரு பிள்ளை துஷ்பிரயோகம் பற்றிச் சொன்னால்?

உங்கள் வேலை விசாரணை இல்லை. 'என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ', 'பிறகு?' இந்த இரண்டுக்கு மேல் பெரிதாகத் தேவைப்படாது. 'மாமா தொட்டாரா?' போன்ற கேள்வி பிள்ளையின் வாயில் பதிலை வைக்கும், நாளை வழக்கிலும் அதுவே ஓட்டையாகும். 'ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, கொச்சையாக இருந்தாலும் எழுதுங்கள். உறுதிப்படுத்துவதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். 1998-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

வந்தவருக்குச் சிங்களம்தான் தெரியும், எனக்குக் கொஞ்சம்தான். அல்லது மறுபக்கமாக?

1987-இன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் வாட்டில் தமிழ் நோயாளி வந்தால் துப்புரவு செய்யும் அம்மாவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்க வைப்பது இன்னும் நடக்கிறது. வேறு வழி இல்லாத நேரம் அதைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் சில ஒழுங்குகள் உண்டு. வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் மாதவிடாய் பற்றி மகன் எப்படிச் சொல்லுவான்? மொழிபெயர்ப்பவரோடு முதலில் இரண்டு நிமிடம் கதைத்து, சொன்னதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் நோயாளியைப் பார்த்துத்தான் கதைக்க வேண்டும். ஒரு வசனம், நிறுத்தம், அடுத்த வசனம். பதிலாக ஐந்து நிமிடக் கதை வந்து, மொழிபெயர்ப்பில் 'இல்லையாம்' என்று ஒரு சொல் மட்டும் வந்தால் நிறுத்தி முழுவதையும் கேளுங்கள்.

வெள்ளமோ குண்டுவெடிப்போ நடந்த இடத்துக்குப் போனால் ஆட்களை எல்லாம் கதைக்க வைக்க வேண்டுமா?

வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த பலர் செய்த வேலை அது: வந்து, அழ வைத்து, போய்விட்டார்கள். நடந்ததை உடனே முழுவதும் சொல்ல வைப்பது உதவாது என்பதுதான் இப்போதைய வழிகாட்டல். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்வது மூன்றுதான்: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பாருங்கள், சொல்ல விரும்பினால் கேளுங்கள், வேண்டிய இடத்தோடு சேர்த்துவிடுங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொச்சிக்கடைப் பக்கம் பலருக்கு முதலில் வேண்டியிருந்தது காணாமல்போன ஆள் எந்த வைத்தியசாலையில் என்ற தகவல். அதைத் தேடிக் கொடுப்பதும் உளவளத்துணைதான்.

கொழும்பில் எங்கே படிக்கலாம்?

சமூகப்பணிக்கு அரச பக்கத்தில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் இருக்கிறது. 1952-இல் தொடங்கிய பழைய நிறுவனம், டிப்ளோமாவும் பட்டமும் உண்டு. இப்போது சீதுவையில் இருப்பதால் வெள்ளவத்தைக்காரருக்குப் பயணம் கொஞ்சம் நீளம்தான். சான்றிதழை விடப் பழக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்பதற்கென்று 1974-லிருந்து இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பில் தொண்டராகச் சேர்வது ஒரு நல்ல வழி. புத்திமதி சொல்லாமல் கேட்பதுதான் அவர்களுடைய முறையே.

தனியார் டிப்ளோமாக்களுக்குக் காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு மாணவரும் எத்தனை மணித்தியாலம் நடித்துப் பழகுவார்? அதை யார் கேட்டுத் திருத்துவார்? அந்தப் பழக்கம் எந்த மொழியில்? நோட் ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, பழக்கம் நீங்கள் வேலை செய்யப்போகும் மொழியில் இருக்க வேண்டும். பதில் மழுப்பினால் நீங்கள் வாங்குவது பிரேம் போட்ட கடதாசி.

வீட்டில் எப்படிப் பழகுவது?

மூன்று பேர் சேருங்கள். ஒருவர் வந்தவர், ஒருவர் உதவுபவர், ஒருவர் பார்ப்பவர். பத்து நிமிடம் போனில் பதிவு. 'வந்தவர்' சொல்வது சின்ன, உண்மையான எரிச்சலாக இருக்கட்டும்: வீட்டுச் சொந்தக்காரரோடு தண்ணீர் பில் சண்டை, பஸ்ஸில் மிச்சக் காசு தராதது. பெரிய துக்கத்தைப் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டாம். உங்களிடம் வந்த ஒருவரின் கதையையும் வேண்டாம்.

பிறகு அந்தப் பத்து நிமிடத்தையும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். 'ம்' போட்டதையும், இடையில் வெட்டியதையும் சேர்த்து. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், கை வலிக்கும், யாருக்கும் விருப்பமில்லாத வேலை. ஆனால் இதைச் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தவணைக்குள் தெரிந்துவிடும். எழுதிய தாளில் உங்கள் கேள்விகளைச் சிவப்பால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அவர் சொன்ன எந்தச் சொல்லிலிருந்து அந்தக் கேள்வி வந்தது என்று கோடு போடுங்கள். கோடு போட முடியாத கேள்விகள் உங்கள் தலைக்குள் இருந்து வந்தவை. அடுத்த முறை அவற்றைக் குறையுங்கள். உண்மையில் உதவி கேட்டு வந்தவரை எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யவே கூடாது.

கதைக்கும்போது குறிப்பு எழுதலாமா?

திகதி, பெயர், மருந்து மட்டும். மற்றதை அவர் போனதும் எழுதுங்கள், அடுத்தவர் வருமுன்.

கேட்டதெல்லாம் இரவில் மனதில் ஓடுகிறது. இது எனக்குச் சரிவராத வேலையா?

சரிவராதது அதைத் தனியே சுமப்பது. பெயர் விவரம் சொல்லாமல், அனுபவமுள்ள ஒருவரோடு ஒழுங்காகக் கதைக்க ஒரு நேரம் இருக்க வேண்டும். மேற்பார்வை என்பது இதுதான், ஆனால் இங்கே பலர் அதைப் பிழை பிடிப்பது என்று நினைக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால் கூடப் படித்த மூன்று பேர் மாதம் ஒருமுறை சந்தித்தாலே பாதி பாரம் இறங்கும். வீட்டில் கணவரிடமோ மனைவியிடமோ சொல்லி இறக்காதீர்கள். கொழும்பு பெரிய ஊர், ஆனால் அதன் தமிழ் வட்டம் சின்னது. நீங்கள் பெயர் சொல்லாமல் சொன்ன ஆளை அவர்கள் கல்யாண வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். கோயிலிலோ சந்தையிலோ வந்தவரைக் கண்டால் அவர் முதலில் சிரித்தால் சிரியுங்கள், இல்லாவிட்டால் தெரியாத ஆள்போலப் போய்விடுங்கள். இப்படித்தான் இருப்பேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் மனவருத்தம் வராது.

இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்புகிறார்கள். பதில் போட வேண்டுமா?

தொடக்கத்திலேயே பேசி வைக்க வேண்டிய விஷயம் இது. எந்த நேரம் பார்ப்பீர்கள், அவசரம் என்றால் யாருக்கு எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். முடிந்தால் சொந்த இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். அவருடைய போன் வீட்டாருக்கும் பொதுவானதாக இருந்தால், வேறு யார் அதைக் கேட்பார்கள் என்றும் விசாரியுங்கள். பதில் நீளமாக வேண்டாம், வாட்ஸ்அப்பில் உளவளத்துணை நடத்தவும் வேண்டாம். 'கேட்டன். வியாழக்கிழமை பத்து மணிக்கு இதைக் கதைப்பம். அதுக்கு முதல் தாங்கேலாமல் இருந்தா 1926-க்கு எடுங்கோ' என்று ஒரு வரி போதும். காலையில் அலுவலகம் போனதும் அதைக் கோப்பிலும் எழுதி வையுங்கள்.